சட்டத்தில் சமத்துவம் சரி, பட்ஜெட்டில் எவ்வளவு?

ஒரு நாடு முற்போக்கானது என்று எதை வைத்துச் சொல்வது? தலைவர்களின் உரைகளை வைத்தா, கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை வைத்தா? பெண்களுக்குச் சம உரிமை என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மலேசியாவின் வரலாற்றைப் பார்ப்போம்.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 1995இல் ஏற்றது. அதுவும் சில விதிகளை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான். 2001இல் அரசியலமைப்புச் சட்டத்தின் 8(2) பிரிவில் 'பாலினம்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. நல்ல அறிவிப்புதான். ஆனால் கர்ப்பமானதால் வேலையிழந்த ஒரு விமானப் பணிப்பெண், அந்த 8ஆவது பிரிவை நம்பி வழக்காடி, 2005இல் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றும் தோற்றார். அரசியலமைப்பு தரும் பாதுகாப்பு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒப்பந்தத்தை அல்ல என்று கூறப்பட்டது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கும் திருத்தம் 2023 ஜனவரியில்தான் நடப்புக்கு வந்தது. இதற்கு எத்தனை ஆண்டுகள் பாருங்கள்!

ஆகவே சட்டப் புத்தகத்தை மட்டும் அளந்தால் போதாது. உலகப் பொருளாதார மன்றம் 2006 முதல் கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், அரசியல் என நான்கு துறைகளில் ஆண், பெண் இடைவெளியைக் கணக்கிட்டு வருகிறது. மலேசியப் பெண்கள் கல்வியில் நன்றாகவே தேறுகிறார்கள், சறுக்குவது அரசியலில். 2022 பொதுத் தேர்தலில் 222 மக்களவைத் தொகுதிகளில் 30 பெண்களே வென்றனர்.

இன்னோர் அளவுகோல் இருக்கிறது. அது பணம். இதைக் கையில் எடுத்தது பினாங்கு. 2011இல் மாநில அரசு பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தது. மறு ஆண்டே, தீவிலும் செபராங் பிறையிலும் இருந்த இரு நகராண்மைக் கழகங்களோடு சேர்ந்து, பாலினப் பார்வையில் பட்ஜெட் போடும் முயற்சி தொடங்கியது. செலவாகும் ரிங்கிட் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பதுதான் இதன் அடிப்படை. தெருவிளக்கு எரியாத இடத்தில் இரவு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு உள்ள பயமும், மின்தூக்கி பழுதானால் முதியவர் படும் பாடும் பொதுவான பட்ஜெட் கணக்கில் தெரிவதில்லை. ஜார்ஜ்டவுனின் ஜாலான் சுங்கை, செபராங் பிறையின் அம்பாங்கான் ஆகிய மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகளில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆண், பெண், இளையோர், முதியோர் எனக் குடியிருப்பாளர்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள். எதற்கு முதலில் செலவு செய்யலாம் என்று அவர்களே வாக்களித்தார்கள். ஐ.நா.வில் இட்ட கையெழுத்தைவிட இது அழுத்தமான சான்று என்றே சொல்ல வேண்டும்.

ஆனாலும் ஒரு குறை. போருக்குப் பிந்திய மலாயாவில் முதல் நகராண்மைத் தேர்தலை 1951இல் நடத்திய ஊர் ஜார்ஜ்டவுன். 1957இல் மாநகரமானபோது டி.எஸ். இராமநாதன் அதன் முதல் மேயரானார். இந்தோனேசியாவுடனான மோதலின்போது, 1965இல், நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976 சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தேர்தலை மீட்கப் பினாங்கு 2012இல் இயற்றிய சட்டம், 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. பட்ஜெட்டுக்கு வாக்களித்த அந்த அடுக்குமாடிப் பெண்கள், அதைச் செலவு செய்யும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவரை இன்றும் மாநில அரசுதான் நியமிக்கிறது.