அடைபட்ட குழாய்க்கு அருகே ஒரு புது வாய்க்கால்

கோம்பை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கு ஊர். அங்குள்ள உழவர் ஒருவரிடம், “வாய்க்கால் தூர்ந்து, தோண்டவும் முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “பக்கத்திலேயே வேறொன்று வெட்டுவோம்” என்பார். காலில் உள்ள இரத்தக் குழாய் அடைபட்டால்? மருத்துவம் இதே விடையைத் தேடி வந்த கதைதான் இது.

பீடி, சிகரெட் புகைக்கும் இளவயதினரைத் தாக்கும் ஒரு நோய் உண்டு. நடந்தால் கால் வலிக்கும், பிறகு விரல் கறுக்கும், புண் ஆறாது, இறுதியில் காலையே வெட்ட நேரலாம். 1908-இல் நியூயார்க் மருத்துவர் லியோ பர்கர், வெட்டி எடுக்கப்பட்ட கால்களை ஆராய்ந்து இதை விளக்கினார். அவர் பெயராலேயே இது பர்கர் நோய் எனப்படுகிறது. அடைபடுபவை சிறு குழாய்கள். ஆகவே, மாற்றுக் குழாய் பொருத்தும் அறுவை பலருக்குப் பயன்படுவதில்லை.

அப்படியானால் உடலே புதுக் குழாய் வளர்க்குமா? 1971-இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், புற்றுக்கட்டிகள் ஒரு பொருளைச் சுரந்து குழாய்களைத் தம்மிடம் வரவழைக்கின்றன என்றார். பலர் நம்பவில்லை. ஆனால் 1989-இல் அத்தகைய வளர்ச்சிக் காரணி ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. 1997-இல் அசஹாராவும் அவருடைய குழுவினரும், குழாய்ச் சுவராக மாறக்கூடிய மூல உயிரணுக்கள் வளர்ந்தோரின் இரத்தத்திலும் உண்டு என அறிவித்தனர். 2002-இல் ஜப்பானிய மருத்துவர்கள், நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த உயிரணுக்களை அவருடைய கால் தசையிலேயே செலுத்திய ஆய்வை வெளியிட்டனர்.

செலுத்திய உயிரணுக்களே குழாய்களாக மாறுகின்றன என்றுதான் முதலில் எண்ணினார்கள். அவற்றில் பெரும்பாலானவை நெடுநாள் தங்குவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. அவற்றின் முக்கிய வேலை வேறு. அவை வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. அருகிலுள்ள குழாயின் உட்சுவர் உயிரணுக்கள் அந்தத் தூண்டுதலால் பெருகி, கிளைவிட்டு, ஒன்றோடொன்று இணைகின்றன. அதாவது, மூல உயிரணு மண்வெட்டி பிடிப்பதில்லை, ஆள் திரட்டுகிறது!

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், நலமுள்ள கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜை உயிரணுக்களைக் கொண்டு ஒரு மருந்தை உருவாக்கியது. பர்கர் நோய்க்கு அதைப் பயன்படுத்த 2016-இல் வரையறைக்குட்பட்ட அனுமதி கிடைத்தது.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். புகையை விடாதவரின் காலில் புதிய குழாயும் அடைபடலாம். பீடியை அணைப்பதே முதல் மருந்து. அதற்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை.