மீட்டருக்கு இப்பால்

தெருக்கம்பத்திலிருந்து வீட்டு வாசலுக்கு இறங்கி வரும் மின்சாரத்துக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. அதுதான் மீட்டர் பெட்டி. அந்தப் பெட்டி வரையில் கம்பியும் ஃபியூஸ் கட்டையும் மின்சார வாரியத்தின் உடைமை, வாரியத்தின் கவலை. அதற்கு இப்பால் சுவரோரமாகவும் சுவருக்குள்ளாகவும் ஓடுகிற ஒவ்வோர் அங்குலக் கம்பியும் வீட்டுக்காரருடைய சொத்து, அதனால் நேர்கிற அனர்த்தமும் அவருடையதே. விற்கப்படும் சரக்கோ கண்ணுக்குப் புலப்படாதது, தொட்டால் உயிரைக் குடிக்கக்கூடியது. வாங்குகிறவரோ அதன் சுபாவத்தை அறியாதவர். விற்கிறவருக்கு வாங்குகிறவருடைய வீட்டுக்குள் அதிகாரம் கிடையாது. இப்படிப்பட்டதொரு வியாபாரத்தில், இரு தரப்புக்கும் நடுவே, சர்க்காரால் பரீட்சிக்கப்பட்டு சர்க்காருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட மூன்றாவது மனிதன் ஒருவன் நின்றாலொழியக் காரியம் நடவாது என்று சட்டம் வகுத்தவர்கள் கண்டுகொண்டதன் பலனாகத்தான் லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர் என்றும் ஒயர்மேன் என்றும் ஒரு வர்க்கம் தோன்றியது. பைக்காரா, மேட்டூர் நீர்மின் திட்டங்களைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மலையில் பிறந்த அந்தச் சக்தியை நம் கூடத்து விளக்கு வரையில் கொண்டுவந்து சேர்த்தவனைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டாமா?

இந்த ஏற்பாட்டின் மூல ஊற்று லண்டன் மாநகரம். அங்கே மின்விளக்கு வீடுகளுக்குள் புகத் தொடங்கியபோது முதலில் கலவரமடைந்தவர்கள் சட்டசபையினர் அல்லர், தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். காற்றில் கைகளை வீசிக்கொண்டு உபதேசம் செய்கிறவர்களைவிட, நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவர்களுக்கே ஆபத்து முன்கூட்டித் தெரியும் போலும். 1882-ஆம் வருஷத்தில் ஃபீனிக்ஸ் என்னும் தீ இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் வீட்டுக் கம்பிகளுக்கென்று விதிகளை வகுத்து வெளியிட்டது. அதே வருஷத்தில் தந்திப் பொறியாளர்களின் சங்கமும், மின்விளக்கினால் தீப்பிடிக்காமல் தடுப்பதற்கான விதிகளைப் பிரசுரம் செய்தது. இந்தியாவிலோ, மின்சாரம் என்பது பெரும்பாலும் கண்காட்சிப் பொருளாகவே இருந்த 1887-இல், மனிதருக்கும் சொத்துக்கும் அதனால் தீங்கு நேராமல் காப்பதற்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. பிறகு 1903-இல் ஒன்று, 1910-இல் மற்றொன்று. இந்தக் கடைசிச் சட்டமே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் நம்மை ஆண்டது. மின்சார இன்ஸ்பெக்டர் என்கிற உத்தியோகஸ்தரை நியமிக்கவும், விதிகளை அவ்வப்போது வகுக்கவும் அதில் இடம் வைத்திருந்தார்கள்.

சென்னைப் பட்டணத்து ஜனங்கள் மின்சாரத்தின் கைவண்ணத்தை முதன்முதல் கண்டது வீட்டில் அன்று, வீதியில். 1895-ஆம் வருஷம் மே மாதத்தில் டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. பேஸின் பிரிட்ஜ் அருகே மின் நிலையம் எழுந்து, மின்சாரம் விற்கும் கம்பெனி ஒன்று வீடுகளுக்குக் கம்பி இழுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு. அந்தக் கம்பெனியை 1947-இல் சர்க்கார் வாங்கிக்கொள்ளும் வரையில் பட்டணத்து விளக்குகள் அதன் வசத்தில்தான் இருந்தன. முதலில் மின்சாரம் போட்டுக்கொண்டவர்கள், எதிர்பார்க்கக்கூடியபடியே, வசதி படைத்தவர்கள். பங்கா இழுக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த பங்களாக்களில் மின்விசிறி சுழல ஆரம்பித்தது. அந்த ஆளின் பிழைப்பு என்னவாயிற்று என்பது வேறொரு கட்டுரைக்குரிய விஷயம்.

அந்நாளைய கம்பி வேலை முக்கால்வாசி தச்சு வேலை. ரப்பர் பூசி, பருத்தி நூல் பின்னிய கம்பிகளை, தேக்கு மரச் சட்டத்தில் இழைத்த இரண்டு பள்ளங்களில், போகும் கம்பி ஒன்றிலும் திரும்பும் கம்பி ஒன்றிலுமாகப் படுக்க வைத்து, மேலே மெல்லிய மூடிப்பலகையைத் திருகாணியால் இறுக்குவார்கள். கேசிங் கேப்பிங் என்று இதற்குப் பெயர். சுவரில் கட்டை பதித்து, நூல் பிடித்தாற்போல் சட்டத்தை ஓட்டி, மூலைகளில் பொருத்து வாய் தெரியாமல் சாய்வாக அறுத்துச் சேர்ப்பதற்கு இழைப்புளியும் உளியும் கையில் பழகியிருக்க வேண்டும். உளி பிடிக்கத் தெரியாதவனுக்கு அந்நாளில் இந்தத் தொழில் கைவராது. பிற்பாடு, ரீப்பர் கட்டையை அடித்து அதன்மேல் கனத்த ரப்பர் உறைக் கம்பியைச் சிறு தகர கிளிப்புகளால் வரிசையாகப் பிடித்துவைக்கும் முறை வந்தது. நம் தாத்தா காலத்து வீடுகளில் உத்தரத்தை ஒட்டிச் சென்று, பித்தளைக் குமிழ் ஸ்விட்சு வரையில் இறங்கி நிற்கும் அந்தக் கட்டைகளை இன்றும் சில இடங்களில் காணலாம். அந்த வேலையில் ஒரு பெருங்குணம் இருந்தது: எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. கிளிப் விட்டுப்போனாலும், கம்பி வெடித்தாலும், கட்டையைக் கரையான் அரித்தாலும் கூடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிற கிழவருக்கே தெரிந்துவிடும். சுவரை வெட்டிக் குழாயைப் பதித்து மேலே பூசி வெள்ளையடிக்கும் இக்காலத்து முறையில் அழகு கூடியிருக்கிறது; வேலைக்காரனுடைய குற்றங்களும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொள்கின்றன.

தென்னாட்டில் மின்சாரம் பங்களாவாசிகளின் பெருமை என்கிற நிலையிலிருந்து இறங்கி வந்தது நீலகிரியின் நீர்வீழ்ச்சியோடு. சென்னை சர்க்கார் 1927-இல் மின்சார இலாகா ஒன்றை ஏற்படுத்தினார்கள், சர் சி. பி. ராமசுவாமி ஐயர் விடாப்பிடியாக ஆதரித்த பைக்காரா திட்டம், மூவாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து விழும் நீரைச் சிங்காராவில் யந்திரங்களின்மேல் செலுத்தி, 1932-இல் பலன் தர ஆரம்பித்தது. 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம். கோயமுத்தூர் ஆலைகள் பெருகியதும், கிணற்று மேட்டில் ஏற்றத்துக்குப் பதிலாக மோட்டார் நின்றதும் யாவரும் அறிந்த கதை. ஆலையிலும் மோட்டார்ப் பட்டறையிலும் கம்பி வேலை பழகிய கைகள் சிற்றூர்களுக்கும் போயின. மின்சார வேலை தெரிந்தவன் என்றால் ஊரில் வைத்தியருக்கு அடுத்த மரியாதை என்று சொல்லும்படி ஒரு காலம் இருந்தது.

இந்நிலையில்தான் 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் பிறந்தன. அவற்றில் 45-ஆவது விதி நம் மூன்றாவது மனிதனைப் பற்றியது. எந்த வீட்டிலும், எந்தக் கட்டிடத்திலும், புதிதாகக் கம்பி போடுவதாயினும், இருப்பதைக் கூட்டுவதாயினும், மாற்றுவதாயினும், பழுது பார்ப்பதாயினும், ராஜ்ய சர்க்காரின் லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர் அந்த வேலையை ஏற்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் நேரில் மேற்பார்க்க வேண்டும். அனுமதிச் சீட்டுப் பெற்ற ஒருவர் தம் கையால் செய்ய வேண்டும். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் ஒரு விளக்குக்கு மூன்று பேரா என்று நகைக்கத் தோன்றும். ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் மூடர்கள் அல்லர். பொறுப்பேற்கிற பெயர் ஒன்று, பார்க்கிற கண் ஒன்று, செய்கிற கை ஒன்று. இம்மூன்றும் ஒரே சுவரின் முன் ஒருசேர நிற்க வேண்டும் என்பதே அவர்களுடைய கருத்து. இதை மீறிச் செய்த வேலைக்கு மின்சாரம் கொடுக்கலாகாது என்றும் அடுத்த வரியிலேயே கட்டளையிட்டார்கள். வீட்டுக்காரருக்கு அவர்கள் விட்டுவைத்த சுதந்திரம் சொற்பமே: பல்பு, விசிறி, ஃபியூஸ், ஸ்விட்சு, சிறு வீட்டு உபகரணங்கள் ஆகியவற்றை, அமைப்பின் கொள்ளளவும் இயல்பும் மாறாத வகையில், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளலாம். ஆகவே, விசிறியைக் கழற்றி வேறொரு விசிறியை மாட்டுகிறவர் சட்டத்துக்கு உட்பட்டவர். விசிறிக்கென்று போட்ட மெல்லிய கம்பியின் நுனியில் வெந்நீர் ஹீட்டரைக் கொண்டுபோய்க் கட்டுகிறவர் சட்டத்துக்குப் புறம்பானவர். நம் வீடுகளில் நடக்கிற புதுப்பித்தல்களில் பாதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதே என் அபிப்பிராயம்.

மறு வருஷம், 1957 ஜூலை முதல் தேதி, சென்னை ராஜ்ய மின்சார வாரியம் உதயமாயிற்று. அதன் பிறகு கிராமங்களுக்குக் கம்பம் நடப்பட்ட வேகம் வேறு பல ராஜ்யங்கள் வியக்கத்தக்கதாக இருந்தது. விபரீதமும் அங்கேதான் ஆரம்பித்தது. கம்பி போன வேகத்தில் சான்றிதழ் போகவில்லை. ஊரில் ஒயர்மேன் வேலை தெரிந்தவன் இருப்பான், அவனிடம் காகிதம் இராது. தாலூகா தலைநகரில் காகிதம் வைத்திருக்கிற கான்ட்ராக்டர் இருப்பார், அவருக்கு இந்த ஊருக்கு வர நேரம் இராது. புதிய இணைப்புக் கேட்டுக் கொடுக்கும் மனுவோடு, வேலை முறைப்படி முடிந்து பரிசோதிக்கப்பட்டது என்னும் கான்ட்ராக்டரின் அறிக்கை வேண்டும். இந்த இக்கட்டை நம் ஜனங்கள் தீர்த்துக்கொண்ட விதம் யாவருக்கும் தெரிந்த ரகசியம்: உள்ளூர்க்காரன் பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு கம்பியை இழுப்பான், அசலூர்க்காரர், வீட்டைக் கண்ணாலும் காணாமல், ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு கையெழுத்தைப் போடுவார். பெயர் ஓரிடம், கை ஓரிடம். கண்ணோ எங்கும் இல்லை.

இதில் உள்ளூர்க்காரனை நிந்திப்பது அநியாயம். கையின் நேர்த்தியில் சான்றிதழ் பெற்றவனை மிஞ்சுகிறவர்கள் அவர்களிடையே அநேகர். பிசகு நேர்கிற இடம் வேறு. ஃபேஸ் கம்பி போடாவிட்டால் விளக்கு எரியாது. நியூட்ரல் போடாவிட்டாலும் எரியாது. எர்த் கம்பி போடாவிட்டால் எல்லாம் திவ்வியமாக எரியும், சுழலும், சுடும். இரும்புக் குழாயைப் பூமியில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு நிரப்பி, கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீரும் வார்த்துப் பராமரிக்க வேண்டிய அந்த எர்த், என்றோ ஒருநாள் கிரைண்டரின் உடம்பில் மின்சாரம் கசியும் அந்த ஒரு கணத்துக்காக மட்டுமே வருஷக் கணக்கில் காத்துக் கிடக்கிறது. பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேரம் பேசுகிற வீட்டுக்காரர் முதலில் குறைக்கச் சொல்வது இதைத்தான். வேலைக்காரனும் மறுப்பதில்லை, ஏனெனில் எர்த் இல்லை என்பதற்காக எந்த விளக்கும் அணைந்ததில்லை. மெக்கர் என்னும் கருவியின் கதியும் அவ்விதமே. கைப்பிடியைச் சுழற்றினால் 500 வோல்ட் அழுத்தம் பிறந்து, கம்பியின் உறை எவ்வளவு தாங்குகிறது என்று முள் காட்டும். ஐம்பதை வீட்டிலுள்ள பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, குறைந்தது அத்தனை மெகோம் வர வேண்டும், மொத்தத்தில் ஒரு மெகோம் இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. அந்த எண் பரிசோதனை அறிக்கையில் தவறாமல் எழுதப்பட்டிருக்கும். மெக்கர்தான் வீட்டு வாசலை மிதித்திராது.

இதற்கிடையே காலம் வேறு சில சோதனைகளையும் கொண்டுவந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் செம்பு அருமையாகிவிடவே, அறுபதுகளுக்குப் பிறகு வீடுகளுக்குள் அலுமினியக் கம்பி புகுந்தது. அது செம்பைப் போல் பணிந்து இராது. திருகாணிக்கடியில் நாளடைவில் நெகிழும், மேலே ஆக்ஸைடு படரும், பொருத்து வாய் சூடேறும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று வீட்டுக்காரர் சலித்துக்கொண்டால், பீங்கான் கட்டையில் மெல்லிய ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்பு இழை இரண்டைச் சுற்றிவிடுவது நம் நாட்டு வைத்தியம். வலிக்கிறது என்று அழுகிற குழந்தையின் வாயைக் கட்டிவிடுவதற்கும் இதற்கும் பேதம் இல்லை. தானாக விழும் எம்.சி.பி.யும், உடம்பு வழியாக முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும் காப்பு ஸ்விட்சும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. ஆயினும் பழைய வீட்டுக்கு அவற்றைப் பொருத்துவதென்றால் கம்பியின் பருமன், நியூட்ரல்களின் கலப்பு, எர்த்தின் நிலை ஆகிய அனைத்தையும் ஒருவர் ஆதியோடந்தமாகப் பார்த்தாக வேண்டும். பார்க்கிற கண் என்று விதி சொன்னது இதற்காகத்தான்.

1910-ஆம் வருஷத்துச் சட்டம் 2003-இல் மறைந்தது. 1956-இன் விதிகள் 2010-இல் புதிய ஒழுங்குமுறைகளுக்கு இடம்கொடுத்தன. 45-ஆவது விதி எண் மாறி அவற்றில் 29-ஆயிற்று. சாரத்தில் யாதொரு மாறுதலும் இல்லை. நம் ராஜ்யத்தில் கான்ட்ராக்டர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் ஒயர்மேன்களுக்கும் காகிதம் வழங்குவது கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். அங்கே அளிக்கப்படும் சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆகக் கீழ்ப்படியில் இருப்பது, மின்கம்பியாள் உதவியாளர் சான்று. அதற்கான பரீட்சைக்கு உட்கார ஒரு வழியில் பள்ளிப் படிப்பே தேவையில்லை; இருபத்தொரு வயது கடந்திருக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் கம்பி வேலை செய்த அனுபவம் வேண்டும், அவ்வளவே. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றே தொழிலைக் கற்றவனுக்குச் சர்க்கார் திறந்துவைத்த வாசல் இது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தப் பரீட்சை நடக்கும்போது, தலை நரைத்த மனிதர்களும் இளைஞர்களோடு வரிசையில் நின்று, இத்தனை காலமும் பிறர் வீடுகளில் செய்துவந்த அதே வேலையைப் பரீட்சகர் முன்னிலையில் ஒரு பலகைமேல் செய்து காட்டுகிறார்கள். அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாலும், எடுத்துக் காட்டு என்று கேட்கிற வீட்டுக்காரர் அபூர்வம்; நம்மவர்கள் இன்னும் பாயிண்டுக்கு என்ன விலை என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.