கூடிப் பாடும் கல்வி
(எம். பி. சீனிவாசனின் சேர்ந்திசைப் பணி)

கூடிப் பாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. மார்கழி விடியலில் தெருவலம் வரும் பஜனைக் கோஷ்டியும், கிறித்தவ ஆலயங்களின் பாடற்குழுவும், நாற்று நடும் மகளிர் வயலில் எழுப்பும் பாட்டும் நாம் நன்கு அறிந்தவை. மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மார்கழி பஜனையின் பெருமையை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனினும், வழிபாட்டையோ தொழிலையோ சாராமல், ஊர்மக்கள் ஒன்றுகூடிப் பல குரல்களை முறையாகப் பகுத்துப் பாடும் சேர்ந்திசை, நம் நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றிய கலையாகும். மேடையளவில் நில்லாமல் அது பள்ளிக்கூடங்களை நாடிச் சென்ற வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

1943-ஆம் ஆண்டு பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் தோன்றியது. வங்கப் பஞ்சம் மக்களை வாட்டிய காலம் அது. கலைஞர்கள் குழுக் குழுவாகச் சென்று பாடியும் ஆடியும் துயர் துடைக்க நிதி திரட்டினர். ஒருவர் பாடப் பலர் கேட்பது என்ற நிலை மாறி, பலர் பாடப் பல்லாயிரவர் உடன்பாடும் நிலை அந்த இயக்கத்தால் வளர்ந்தது. அதில் பயின்ற சலில் சௌத்ரி 1958-இல் பம்பாய் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். அதே ஆண்டில் கல்கத்தாவில் ரூமா குஹ தாகுர்தா முன்னின்று அந்நகரின் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். இவ்விரு நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இச்செய்தியை அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் சென்னையில் பின்னர் மலர்ந்த குழுவும் இதே மரபில் வந்ததே.

சென்னைக் குழுவை நிறுவியவர் எம். பி. சீனிவாசன். மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது அவரது முழுப்பெயர். 1925 செப்டம்பர் 19 அன்று சித்தூரில் பிறந்த அவர், இளமையிலேயே பொதுவுடைமை இயக்கத்திலும் மக்கள் நாடக மன்றத்திலும் ஈடுபட்டார். டில்லியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஏ. கே. கோபாலனுக்கு உதவியாளராகப் பணியாற்றினார். விடுதலைப் போராட்டத் தலைவர் சைபுத்தீன் கிச்லுவின் மகள் சாகிதாவை மணந்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, 1960-இல் வெளியான ‘பாதை தெரியுது பார்’ உள்ளிட்ட படங்களுக்கு இசையமைத்தார். மலையாளத் திரையுலகில் அவர் பெற்ற புகழ் இன்னும் பெரிது. கே. ஜே. யேசுதாஸ் திரைக்காக முதன்முதலில் பாடியது அவரது இசையிலேதான். திரையிசைக் கலைஞர்களுக்கெனச் சங்கம் அமைவதிலும் அவர் முன்னின்றார்.

இத்தகையவர் 1970-களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து வளர்த்தார். சென்னை வானொலியின் சேர்ந்திசைக் குழுவையும் அவர் நடத்தினார். இளைஞர் குழுவிற் பாடியோர் இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். மாணவரும் அலுவலகம் செல்வோரும் ஓய்வு நேரத்தில் கூடிப் பயின்றனர். பாரதியின் பாடல்களோடு பிற இந்திய மொழிப் பாடல்களையும் பாடினர்.

இதிலுள்ள இசைச் சிக்கல் சிறிதன்று. நம் இசை ஒற்றை மெட்டின் வழியே செல்வது. ஒரு பாடகர் கமகத்தால் இராகத்திற்கு உயிரூட்டுவார். ஐம்பது பேர் ஒரே கமகத்தை ஒன்றுபோல் அசைக்க முயன்றால் மெட்டும் சிதையும், சொல்லும் மங்கும். ஆகவே சேர்ந்திசைக்கு மெட்டமைப்பவர் இராகத்தின் சாயல் கெடாமல் அசைவுகளைக் குறைக்கிறார். மேற்குரலுக்கு ஒரு வழியும் கீழ்க்குரலுக்கு ஒரு வழியும் வகுத்து, இரண்டும் இயைந்து ஒலிக்கச் செய்கிறார். பாடுவோர் தம் குரலை மட்டுமன்றி அருகில் நிற்பவர் குரலையும் செவிமடுத்தாக வேண்டும். தனித்துப் பாட அஞ்சும் குழந்தையும் இங்கே தயங்காமல் வாய் திறக்கிறது. கட்டணமும் பல்லாண்டுப் பயிற்சியும் இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இசைக்கல்வி இவ்வழியே கிட்டுகிறது.

சீனிவாசன் இதனை உணர்ந்தே பள்ளிகளை நோக்கித் திரும்பினார் எனலாம். 1980-களில் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு நாடெங்கும் பள்ளிகளில் கூட்டுப்பாடலைப் பரப்பும் திட்டத்தை மேற்கொண்டபோது, அப்பணியில் அவர் பெரும்பங்கு கொண்டார். முகாம்களில் ஆசிரியர்களுக்குப் பல மொழிப் பாடல்கள் கற்பிக்கப்பட்டன. மாணவர்க்கு நேரே கற்பிப்பதைவிட ஆசிரியர்க்குக் கற்பிப்பது பலன் மிக்கது. முகாமிலிருந்து திரும்பும் ஓர் ஆசிரியர் ஆண்டுதோறும் புதிய வகுப்புகளுக்கு அப்பாடல்களைச் சொல்லித் தருவார். இதற்குத் தனி அரங்கமோ விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை. காலை வழிபாட்டுக் கூட்டமே போதும். தமிழறியாத சிறுவன் தமிழ்ப் பாடலையும், தமிழ்ச் சிறுமி அசாமியப் பாடலையும் செவிவழியே கற்றுப் பாடும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

சீனிவாசன் 1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் காலமானார். அவர் மறைவுக்குப் பின்னும் சென்னைக் குழு ஓயாமல் பாடிவந்தது. ஒரு தனிமனிதரின் குரலை நம்பாமல், கற்றவர் பிறர்க்குக் கற்பிக்கும் முறையை நம்பி எழுந்த அமைப்பாதலின் அது நிலைத்தது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதை அன்று. நம் பிள்ளைகளிற் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர், எழுத்தறியாமலே வளர்கின்றனர். ஞாயிறு தோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் இரண்டு மாதங்களுக்குப் பின் இருக்கைகள் வெறுமையாவதைச் சங்கப் பொறுப்பாளர் அனைவரும் அறிவர். எழுத்தில் தொடங்கும் வகுப்புக்கு வர மறுக்கும் பிள்ளை பாட்டுக்கு வரக்கூடும். பாட்டில் பதிந்த சொல்லைப் பின்னர் ஏட்டில் காணும்போது அது அந்நியமாகத் தோன்றாது. ழகரமும் றகரமும் நாவில் படிவதற்கும் இதைவிட எளிய பயிற்சி இல்லை.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் ஒரு சேர்ந்திசைக் குழுவைத் தோற்றுவித்தல் வேண்டும். ஆண்டுவிழா மேடைக்காக மட்டும் ஒருவாரம் ஒத்திகை பார்த்துக் கலையும் குழுவாக அது அமைதல் ஆகாது. வாரந்தோறும் கூடுவதாயும், அண்டையிலுள்ள பள்ளிக்குச் சென்று பாடுவதாயும், அம்மண்ணின் மொழிப் பாடலையும் நம் பாடலுக்கு இணையாகக் கற்பதாயும் இருத்தல் வேண்டும். மராத்தியோ வங்கமோ இந்தியோ பேசும் அண்டைவீட்டுப் பிள்ளையும் அதில் நின்று பாடட்டும். நமக்கு வாழ்வளித்த ஊருக்கு நாம் செய்யும் கைம்மாறாகவும், நம் மொழியை அடுத்த தலைமுறைக்குச் சேர்க்கும் வழியாகவும் அப்பணி அமையும்.