நாலாவது நாளா, ஏழாவது நாளா?

சிசேரியன் முடிஞ்சதும் தோல்ல போடுற கிளிப்பை எத்தனாவது நாள் பிரிக்கணும்? நீலகிரியில இது பஸ் டைமிங், நாள் கூலி சம்பந்தப்பட்ட கேள்வியும்தான். ஆனா இதுக்கான பதிலோட வரலாறு ஐரோப்பாவுல ஆரம்பிக்குது.

1900-ல ஜெர்மன் டாக்டர் ஃபன்னன்ஸ்டீல், அடிவயித்துல நெடுக்கா வெட்டாம குறுக்கா வெட்டலாம்னு எழுதினார். குறுக்கு வெட்டு தோலோட இயல்பான கோடுகளை ஒட்டிப் போகுது, அதனால காயத்துல இழுவிசை குறைவு. 1908-ல புடாபெஸ்ட்ல ஹ்யூல்ட்ல் முதல் அறுவை சிகிச்சை ஸ்டேப்ளரைப் பயன்படுத்தினார். எடை சுமார் 3.6 கிலோ! அது இரைப்பை ஆபரேஷனுக்கானது. தோலுக்கான கையடக்க ஸ்டேப்ளர் பல பத்தாண்டுகள் கழிச்சுத்தான் பரவலாச்சு.

நாள் கணக்கை வெட்டோட திசைதான் பெரும்பாலும் தீர்மானிக்குது. குறுக்கு வெட்டுன்னா நாலாவது நாள்லகூட கிளிப்பைப் பிரிக்கலாம். நெடுக்கு வெட்டுன்னா 7 முதல் 10 நாள். உடல் பருமன், சர்க்கரை நோய் இருந்தா டாக்டர் இன்னும் தள்ளிப்போடலாம். சீக்கிரம் பிரிச்சா காயம் வாய் திறக்கலாம். ரொம்ப நாள் விட்டா தோல்ல ஏணி மாதிரி தழும்பு விழும்.

2014-ல வெளியான அமெரிக்க ஆய்வு ஒண்ணுல 746 பெண்கள். கிளிப் போட்டவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கும், நூல் தையல் போட்டவங்கள்ல 4.9 சதவீதம் பேருக்கும் காயத்துல சிக்கல் வந்துச்சு. தானா கரையுற நூலைப் பிரிக்கவும் வேண்டாம்.

இப்ப மலைக்கு வருவோம். எஸ்டேட் லைன் வீட்டுலேர்ந்து குன்னூருக்கோ கூடலூருக்கோ, பச்ச உடம்போட, கைக்குழந்தையோட, கொண்டை ஊசி வளைவுகள்ல பஸ்ல வரணும். கூட வர்றவங்களுக்கு ஒரு நாள் கூலி போகும். அப்ப "அடுத்த வாரம் வந்து பிரிச்சுக்கோங்க"ன்னு சொல்றது சின்ன விஷயமே இல்ல. தமிழ்நாட்டுல 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்தியா முழுக்கப் பார்த்தா 21.5தான்.

இதுக்கு வழி ஏற்கெனவே இருக்கு. 2011-ல வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனையில சிசேரியன் ஆன அம்மாவுக்கு 7 நாள் வரைக்கும் இலவச சாப்பாடு, வீடு திரும்ப இலவச வண்டி. அந்த 7 நாளுக்குள்ள பெரும்பாலான குறுக்கு வெட்டுக் காயங்கள்ல கிளிப்பைப் பிரிச்சிடலாம். பஸ் ஏறித் திரும்ப வர வேண்டிய அவசியமே இருக்காது.

அதனால டிஸ்சார்ஜுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: குறுக்கு வெட்டா நெடுக்கு வெட்டா? கிளிப்பா, கரையுற நூலா? பிரிச்சுட்டே வீட்டுக்குப் போகலாமா?