சந்தியாகுவின் வழி: எலும்பும் வாளும் காலடியும்

சந்தியாகு என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. தமிழ்க் கத்தோலிக்கர் இல்லங்களில் பாட்டனுக்கோ பெரியப்பாவுக்கோ அப்பெயர் வழங்கக் காண்கிறோம். இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான யாக்கோபை ஐபீரிய நாட்டார் 'சான்டியாகோ' என்றனர். அச்சொல்லே கடல் கடந்து வந்து நம் நாவில் சந்தியாகு ஆயிற்று. அவர் பெயரைத் தாங்கிய சான்டியாகோ தே கம்போஸ்தெலா என்னும் நகரம், ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில் உள்ளது. நூற்றாண்டுகள் பலவாக மக்கள் அந்நகரை நோக்கி நடந்து வருகின்றனர். அவர்கள் எதனை நம்பி நடந்தனர், அந்த வழி எவற்றையெல்லாம் சுமந்தது என்று நாமும் சற்று உடன் நடந்து பார்ப்போம்.

9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரியா ஃபிளாவியா என்னும் ஊரின் ஆயர் தியோதோமிர் பழங்கல்லறை ஒன்றைக் கண்டு, அது யாக்கோபுடையது என்று அறிவித்தார். அஸ்தூரியாஸ் மன்னன் இரண்டாம் அல்ஃபோன்சோ அவ்விடத்தில் சிறு கோயில் எழுப்பினான். யாக்கோபு எருசலேமில் வாளால் கொல்லப்பட்டதாக விவிலியம் கூறுகிறது. அவ்வுடல் ஸ்பெயினுக்கு எவ்வாறு வந்தது? படகில் வந்து கரை சேர்ந்தது என்பது மரபுக்கதை. வரலாற்றுச் சான்று ஏதுமில்லை. சுவையான செய்தி ஒன்றுண்டு. தியோதோமிர் என்றொருவர் வாழ்ந்தாரா என்றே ஒரு காலத்தில் ஆய்வாளர் ஐயுற்றனர். 1955-இல் பேராலயத்தின் அடியில் நடந்த அகழாய்வில் அவருடைய கல்லறைக்கல் கிடைத்தது. திருத்தூதரைப் பற்றிய ஐயம் நீங்கவில்லை. அவரைக் கண்டதாகச் சொன்ன ஆயர் மட்டும் வரலாற்று மனிதரானார்.

12-ஆம் நூற்றாண்டில் இவ்வழி பேரெழுச்சி கண்டது. அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் தொகுக்கப்பட்ட 'கோடெக்ஸ் கலிக்ஸ்தினுஸ்' என்னும் இலத்தீன் ஏட்டின் ஐந்தாம் பகுதி, யாத்திரிகருக்கான கையேடாகும். நம் ஆற்றுப்படை நூல்களைப் பயின்றோர்க்கு அதன் போக்கு அயலாகத் தோன்றாது. எவ்வூரில் தங்கலாம், எந்த ஆற்று நீரைப் பருகலாம், எது குதிரையைக் கொல்லும், எவ்வழியில் எந்தப் புனிதரை வணங்க வேண்டும் என்றெல்லாம் அது கூறிச் செல்கிறது. ஆனால், நம் ஆற்றுப்படைப் புலவர் வழியிலுள்ள மக்களின் விருந்தோம்பலைப் போற்ற, இக்கையேட்டின் ஆசிரியரோ நவார் நாட்டு மக்களைக் கடுமையாக வசைபாடுகிறார். பக்திப் பயணியின் பையிலும் வெறுப்பு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வெறுப்பின் பெருவடிவம் ஒன்றும் உண்டு. 997-இல் கொர்தோபாவின் படைத்தலைவர் அல்மன்சோர் இந்நகரைச் சூறையாடி, பேராலய மணிகளைக் கிறித்தவச் சிறையாளரின் தோள்களில் ஏற்றிக் கொர்தோபாவுக்குக் கொண்டு சென்றதாகச் சொல்லப்படுகிறது. 1236-இல் மன்னன் மூன்றாம் ஃபெர்னாந்து கொர்தோபாவைக் கைப்பற்றியபோது, அம்மணிகளை இசுலாமியச் சிறையாளர் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினானாம். வென்றவர் மாறினர், பாரம் சுமந்த தோள்களின் வலி மாறவில்லை. அவர்களும் இந்நகருக்காக நடந்தவர்களே. அவர்களுக்கு யாரும் நற்சான்றிதழ் தரவில்லை. மீனவராயிருந்த யாக்கோபைக் குதிரைமீது வாளேந்திய 'மூர் கொல்லி'யாக வடித்ததும் இக்காலத்து மனமே. அச்சிலையின் காலடியில் வெட்டுண்டு கிடக்கும் உருவங்களைப் பிற்காலத்தார் மலர்களை அடுக்கி மறைத்தனர். மறைக்க வேண்டும் என்று தோன்றியதே ஒரு மாற்றம்தான்.

இவற்றிடையே வேறொரு மரபும் வளர்ந்தது. 11-ஆம் நூற்றாண்டில் தோமிங்கோ என்னும் துறவி, யாத்திரிகர் துன்பங்கண்டு காடு திருத்திச் சாலை அமைத்தார். ஓகா ஆற்றின்மீது பாலம் கட்டினார். 'கல்சாதா' என்றால் கல் பாவிய சாலை. அவர் பெயரே இன்று ஊர்ப்பெயராகி, சான்தோ தோமிங்கோ தே லா கல்சாதா என வழங்குகிறது. பிரனீஸ் மலைக் கணவாயை அடுத்த ரோன்செஸ்வாயெஸில் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த மருத்துவ விடுதி, களைத்து வந்தோர்க்கு உணவும் படுக்கையும் அளித்தது.

இனி, வழியின் உரத்தைச் சோதித்த நிகழ்ச்சிக்கு வருவோம். 1589-இல் ஆங்கிலேயக் கடற்படை அருகிலுள்ள கொருஞ்ஞாவைத் தாக்கியபோது, பேராயர் திருவெலும்புகளை மறைத்து வைத்தார். பிறகு மறைவிடம் மறக்கப்பட்டது. 1879-இல் அகழ்ந்து மீட்கும் வரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், வந்தோர் எலும்பின் இருப்பிடம் தெரியாத பீடத்தின் முன்னேதான் மண்டியிட்டனர். 1884-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அவ்வெலும்புகளை ஏற்று அறிவித்தார். ஆயினும் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் நடப்போர் அருகியே இருந்தனர்.

வழியை மீட்டவர் ஓ செப்ரெய்ரோ என்னும் மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞ்ஞா. இவ்வழியைப் பற்றி ஆய்வேடு எழுதிய அறிஞர் அவர். 1984-இல் தம் காரில் மஞ்சள் வண்ணத்தை ஏற்றிக்கொண்டு, பிரனீஸிலிருந்து மரத்திலும் பாறையிலும் சுவரிலும் அம்புக்குறி தீட்டிச் சென்றார். 1987-இல் ஐரோப்பிய மன்றம் இவ்வழியைத் தன் முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993-இல் யுனெஸ்கோ ஏற்பு வந்தது. வாலிஞ்ஞா 1989-இல் மறைந்தார். 2024-இல் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் யாத்திரையை முடித்துப் பதிவு செய்தனர். அவர்களுள் நம்பிக்கையாளரும் உண்டு, நம்பிக்கையற்றோரும் உண்டு.

எலும்பு காணாமற்போன காலத்திலும் கால்கள் முற்றிலும் நின்றுவிடவில்லை. வாளேந்திய சிலைக்கு மலர்த்திரை தேவைப்பட்டது. தோமிங்கோவின் பாலத்திற்கும் வாலிஞ்ஞாவின் அம்புக்குறிக்கும் எத்திரையும் தேவைப்படவில்லை. அக்குறி, வருவோன் எம்மதத்தான் என்று கேட்பதுமில்லை. யாக்கோபின் திருநாளான ஜூலை 25, 2027-இல் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அது புனித ஆண்டு. அன்று பேராலய மணி ஒலிக்கையில், அம்மணிகளைச் சுமந்து இருதிசையிலும் நடந்த பெயரறியாத் தோள்களையும் நாம் நினைத்துக்கொள்வோம்.