கடலடியில் கிடைத்த விற்கள்

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்கள் ஓர் ஆய்வை மறந்திருக்க மாட்டார்கள். மீட்டர் அளவுகோல் ஒன்றை இரண்டு கத்தி விளிம்புகளின்மேல் படுக்க வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்பதை நகரும் நுண்ணோக்கியால் அளந்து, யங் குணகம் காண்போம். அந்த வாய்பாட்டில் சட்டத்தின் அகலம் ஒரு மடியிலும் தடிப்பு மும்மடியிலும் வரும். ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். ஆனால் அந்த மும்மடியின் பொருள் என் கைக்கு விளங்கியது, மரத்தில் முதன்முதலாக ஒரு வில் செய்யப் புகுந்தபோதுதான். அந்தக் கதைக்கு வருமுன், என்னை அவ்வேலையில் இறக்கிய வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1545ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள். இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அருகே உள்ள சோலன்ட் நீரிணையில், பிரெஞ்சுக் கடற்படையை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த ‘மேரி ரோஸ்’ என்ற கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. எட்டாம் ஹென்றி மன்னரின் பெருமைக்குரிய கப்பல் அது. அதிலிருந்த சுமார் 500 பேரில் பிழைத்தவர்கள் 35 பேருக்கும் குறைவு. கப்பலின் ஒரு பக்கம் சேற்றில் புதைந்து, காற்றுப் படாமல் அப்படியே கிடந்தது. 437 ஆண்டுகள் கழித்து, 1982 அக்டோபர் 11ஆம் நாள் அதைத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுகளில் முக்குளித்து அகழ்ந்தவர்களுக்குக் கிடைத்தவை பல. அவற்றுள் முழு உருவில் இருந்த 137 நெடுவிற்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளும் அடங்கும். விற்களிற் பல, பெட்டிகளில் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன.

பழைய வில்லுக்கு என்ன இவ்வளவு பெருமை என்று கேட்பீர்கள். 1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் படைகளை வென்றது இந்த நெடுவில்லைக் கொண்டுதான். பள்ளிப் பாடநூல் வரை இடம்பெற்ற செய்தி இது. ஆனால் அந்தப் போர்களில் பயன்பட்ட வில் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. வாளைப் பேரன் சுவரில் மாட்டி வைப்பான். பழுதான வில் அடுப்புக்குத்தான் போகும். ஜான் டீன் என்னும் முக்குளிப்பவர் 1836இல் தொடங்கி இதே கப்பலிலிருந்து எடுத்த மிகச் சில விற்களைத் தவிர, ஒப்பிட்டுப் பார்க்க வரலாற்றாசிரியர்களிடம் பொருள் இல்லை. ஆகவே, அந்த வில்லை முழுவதும் இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்ற எளிய கேள்விக்கே விடை இல்லாமல் இருந்தது. பொழுதுபோக்குக்காக வில் பயில்வோர் இழுப்பது 40, 50 பவுண்டு. போர்வில் எண்பது அல்லது நூறு பவுண்டு இருக்கலாம், அதற்கு மேல் நாள் முழுதும் இழுக்க மனிதரால் ஆகுமா என்று பலர் எண்ணினர்.

வில்தான் கைக்கு வந்துவிட்டதே, இழுத்துப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். இழுத்தும் பார்த்தார்கள். வில் வளைந்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மிகத் தளர்வாக இருந்தது. நானூறு ஆண்டு உப்புநீரில் ஊறியதில் மரத்தின் உயிரணுச் சுவர்கள் நலிந்துவிட்டன. அளவு அப்படியே இருக்க, வலிமை மட்டும் போய்விட்டது.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. நடிகரும் வில் வரலாற்று அறிஞருமான ராபர்ட் ஹார்டி, லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் பிராட், நெதர்லாந்தைச் சேர்ந்த கோய் என்ற கணிதவியலார், ராய் கிங் என்ற வில் செய்பவர் ஆகியோர் இக்கேள்வியில் இறங்கினர். கோய், வில்லும் அம்பும் இயங்கும் முறையையே ஆராய்ந்து 1983இல் முனைவர் பட்டம் பெற்றவர். வில்லின் நீளம், ஒவ்வோர் இடத்திலும் அதன் அகலம், தடிப்பு, மரத்தின் யங் குணகம் இவற்றைக் கொண்டு கணிப்பொறி வழியே இழுவிசையைக் கணக்கிட்டார்கள். ஒருபுறம் கணக்கு இப்படி நடக்க, மறுபுறம் ராய் கிங் அதே அளவுகளில் புது மரத்தில் வில் செதுக்கினார். காகிதத்தில் வந்த எண்ணும் தராசு காட்டிய எண்ணும் ஒத்துப்போயின. அம்பை 30 அங்குலம் இழுக்க, பெரும்பாலான விற்களுக்கு 100 முதல் 185 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 45 முதல் 84 கி.கி. எடைக்குச் சமமான விசை தேவை! ஓர் ஆளையே நாணில் தொங்கவிடுவது போன்றது. 150 பவுண்டு விசையுள்ள மாதிரி வில் ஒன்று, 95 கிராமுக்குச் சற்று மேற்பட்ட கனமான அம்பைச் சுமார் 250 மீட்டர் எறிந்தது.

மனிதரால் ஆகுமா என்ற ஐயத்துக்கு விடை சொன்னவை, அதே கப்பலில் கிடைத்த எலும்புகள். தோள்பட்டை எலும்பின் நுனி, வாலிபப் பருவம் முடியுமுன் மற்றப் பகுதியோடு இணைந்துவிட வேண்டும். இந்த மாலுமிகள் பலருக்கு அது இணையாமலே இருந்தது. சிறு வயது முதல் கனமான வில்லை இழுத்துப் பழகியதன் அடையாளம் இது என்று எலும்புகளை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லண்ட் கருதினார். விடுமுறை நாள்களில் ஆண்கள் வேறு விளையாட்டை விட்டு வில் பயிலவேண்டும் என்று 1363இல் மூன்றாம் எட்வர்ட் பிறப்பித்த ஆணையை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி வில்லைப் பார்ப்போம். நீளம் 1.87 முதல் 2.11 மீட்டர். மரம், யூ எனப்படும் ஊசியிலை மரம். அதன் குறுக்குவெட்டில் வெளியே வெளுப்பான இளங்கட்டையும் உள்ளே செந்நிற வைரமும் இருக்கும். வில் வளையும்போது, எய்பவனுக்கு எதிர்ப்புறமான முதுகு நீள்கிறது. அவனை நோக்கிய வயிறு அமுங்குகிறது. யூ மரத்தின் வெளிக்கட்டை நீட்சியைத் தாங்கும், வைரம் அமுக்கத்தைத் தாங்கும். ஆகவே வெளிக்கட்டை முதுகாகவும் வைரம் வயிறாகவும் அமையுமாறு செதுக்கினார்கள். வெவ்வேறு பொருள்களை ஒட்டிச் செய்யவேண்டிய கலப்பு வில்லை இயற்கையே ஒரே கட்டையில் செய்து வைத்திருக்கிறது. இத்தகைய நல்ல மரம் இங்கிலாந்தில் போதாமல், 1472இல் ஒரு சட்டமே போட்டார்கள். சரக்குக் கொண்டுவரும் கப்பல்கள் டன் ஒன்றுக்கு நான்கு வில்கட்டைகளும் கொண்டுவர வேண்டும் என்பது அதன் விதி. ஐரோப்பியக் காடுகளில் யூ மரம் அருகியதற்கு இந்த வேட்கையும் ஒரு காரணம்.

யூ மரத்துக்கு நான் எங்கே போவேன்? மரக்கடையில் ஐந்தரை அடித் தேக்குச் சட்டம் ஒன்று வாங்கினேன். வில்லின் உருவத்துக்கு அதைக் கொண்டுவருவது கடினமில்லை. இழைப்புளியும் அரமும் இரண்டு ஞாயிற்றுக் கிழமைகளும் போதும். உண்மையான வேலை பிறகுதான். நாணைத் தளர்வாக மாட்டி, நடுப்பிடியை ஒரு கட்டையில் நிறுத்தி, நாணைச் சிறிது இழுத்து, தள்ளி நின்று பார்க்கவேண்டும். இரு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா? எங்கே விறைப்பாக இருக்கிறதோ அங்கே வயிற்றுப் பக்கம் சிறிது சுரண்டவேண்டும். பல முறை இழுத்துவிட்டு மறுபடி பார்க்கவேண்டும். பல நாள் நீளும் வேலை இது.

நான் பொறுமை இழந்தேன். 30 மி.மீ. தடிப்புள்ள இடத்தில் 1 மி.மீ. சீவினால், விறைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விடும். 3 மி.மீ. சீவினால் நூற்றுக்கு 27 பங்கு போகும். அகலத்தில் அதே விகிதம் குறைத்திருந்தால் பத்துப் பங்குதான் போயிருக்கும். நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும் வில்லில் மில்லிமீட்டரின் விலை இன்னும் கூடுதல். கணக்கு தெரிந்த நானே, இடக்கையின் நடுவில் இழைப்புளியை இரண்டு தடவை கூடுதலாக ஓட்டிவிட்டேன். அந்த இடம் கதவின் கீல்போல மடிந்தது. மாணவர் இருவர் சுருள்வில் தராசைப் பிடித்திருக்க, முள் 11 கி.கி.யைத் தொட்டபோது பட்டாசு வெடித்ததுபோல் ஓசை. சட்டம் இரண்டாகிவிட்டது.

துண்டுகளைக் கண்ட எங்கள் தெருத் தச்சர் என் சீவலைக் குறை சொல்லவில்லை. முறிந்த முதுகைக் கட்டை விரலால் தடவிவிட்டு, “சார், நார் சாய்ந்து வெளியே ஓடுது பாருங்க. அறுத்த மரம் நாரைப் பார்க்காது. பிளந்த மரம்தான் நார் போன வழியே போகும்” என்றார். மேரி ரோஸ் காலத்து வில் செய்வோரும் அடிமரத்தை ஆப்பு அடித்துப் பிளந்தே கட்டை எடுத்தார்கள். முதுகில் நார் எங்கும் அறுபடாமல் நுனிவரை ஓடவேண்டும். கணு வந்தால் அதைச் சமன் செய்யாமல் மேடாகவே விட்டுவிடுவர். இதை நான் படித்திருந்தேன். கடையில் சட்டம் பொறுக்கும்போது நினைவுக்கு வரவில்லை.

இப்போது முற்றிய மூங்கிலைப் பிளந்து, ஆய்வுக்கூட மேசையடியில் உலரப் போட்டிருக்கிறேன். நீங்களும் முயன்றால் ஒன்றைக் கவனியுங்கள். இழுத்த நாணை அம்பு இல்லாமல் ஒருபோதும் விடாதீர்கள். வில்லில் சேர்ந்த ஆற்றலில் பெரும்பகுதியை அம்புதான் எடுத்துக்கொண்டு போகிறது. அம்பு இல்லாவிட்டால் அவ்வளவும் வில்லுக்கும் நாணுக்குமே திரும்பும். நல்ல வில்லும் அதில் உடையும். முதலில் இழுத்துப் பார்க்கும் நாளில் முகத்தை வில்லுக்கு நேரே வைக்காதீர்கள்.