ஒரே எஞ்சின், மூணு ஜாதகம்

சிவகாசி பக்கத்து ஆளுங்களுக்கு ரேஸ் எஞ்சினைப் புரியவைக்கிறது ரொம்ப சுலபம். பத்தாயிரம் வாலா சரத்தை நினைச்சுக்குங்க. (சரவெடிக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதால இப்போ நினைச்சுக்க மட்டும்தான் முடியும்.) அந்த மாதிரி ரெண்டு சரம் ஒரே நிமிஷத்துல வெடிச்சு முடிஞ்சா எப்படி இருக்கும்? யமஹா டி.இசட். 350 ரேஸ் பைக் எஞ்சினுக்குள்ள நடந்தது கிட்டத்தட்ட அதுதான். ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், நிமிஷத்துக்கு சுமார் 9,500 சுற்று. கணக்குப் போட்டா 19,000 வெடி!

இந்த டி.இசட். வேற யாரும் இல்லைங்க, நம்ம ராஜ்தூத் 350-க்கு அண்ணன் முறை. சிலிண்டர் விட்டம் 64 மி.மீ., ஸ்ட்ரோக் 54 மி.மீ., 347 சிசி. ரெண்டுக்கும் அளவு ஒண்ணுதான். ஆனா ஜாதகம்?

1973-ல் பின்லாந்துக்காரர் ஜார்னோ சாரினென் 350 சிசி யமஹாவை வச்சே அமெரிக்காவில் டேடோனா 200 பந்தயத்தை ஜெயிச்சார். அந்த ரேஸ் எஞ்சின் கொடுத்தது 60 எச்.பி. அளவுக்கு. அதே காலத்துல ரோட்டுக்கு வந்த ஆர்.டி. 350-க்கு 39. பத்து வருஷம் கழிச்சு, 1983-ல் எஸ்கார்ட்ஸ் அதை ராஜ்தூத் 350-னு இங்கே கொண்டு வந்தப்போ 30.5. மைலேஜுக்காக இன்னும் அடக்கி விட்ட அடுத்த மாடலுக்கு வெறும் 27. அப்படியும் நம்ம ஜனங்களுக்கு மைலேஜ் பத்தலை. 1990 வாக்கில் கதை முடிஞ்சது.

அளவு ஒண்ணு, சக்தி மட்டும் எப்படி பாதியாச்சு? எல்லாம் மூச்சு விஷயம். ரேஸ் எஞ்சினில் போர்ட் பெருசு, உயரமும் அதிகம். சூட்டைத் தணிக்கத் தண்ணீர். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊத்தணும். கிக்கர்கூடக் கிடையாது, தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்! மேல் சுற்றுல பிச்சுக்கிட்டுப் போகும், கீழ் சுற்றுல இழுக்கவே இழுக்காது. சாத்தூர் பஜார்ல ஓட்டினா நாலு தடவை நின்னுடும்.

இப்போ செலவுக் கணக்குக்கு வருவோம். பிஸ்டன் மேலயும் கீழயும் போய்த் திரும்புற விசை, சுற்றோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். ராஜ்தூத் முழு சக்தி கொடுத்தது 6,750 சுற்றில். 9,500-க்குப் போனா சுற்று நாற்பது சதவீதம்தான் கூடுது, ஆனா கனெக்டிங் ராடு மேல விழுற பாரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதனாலதான் ரோட்டு வண்டிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வர்ற பிஸ்டனை, ரேஸ் டூ ஸ்ட்ரோக்கில் சில நூறு கிலோமீட்டரில் கழட்டி வீசறாங்க. கிராங்குக்கும் கெடு உண்டு. ரேஸ்காரனுக்கு அது வீண்செலவு இல்லை, டயர் மாதிரி, தேய்றதுக்குன்னே வாங்கற சாமான்.

நம்ம பக்கத்துப் பசங்க சறுக்குறது இங்கேதான். ஆர்.எக்ஸ். 100 பாவம், 98 சிசி, 11 எச்.பி., ஒழுங்கா வச்சுக்கிட்டா வருஷக்கணக்கா உழைக்கிற வண்டி. அதோட போர்ட்டை ராவி, ரேஸ் சைலன்சர் மாட்டி, "மச்சான், சவுண்டைக் கேளு"ன்னு கிளம்பிடறாங்க. எஞ்சினை ரேஸுக்கு மாத்துறாங்க, பராமரிப்பை மட்டும் ரோட்டு வண்டிக் கணக்குலயே வச்சுக்கறாங்க. கார்புரேட்டர் ஜெட்டை மாத்தாம விட்டா கலவை மெலிஞ்சு, சூடேறி, நாலுவழிச் சாலையில் எண்பதுல போறப்போ பிஸ்டன் பிடிச்சுக்கும். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கும். அப்புறம் போகப்போறது பிஸ்டன் காசு மட்டுமா?

அந்தக் காலத்துல ஆசைப்பட்டவங்க சோழவரம் போனாங்க, ரெண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்துல ஓட்டினாங்க. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது, அப்புறம் கோவையில் கரி ஸ்பீட்வே. அங்கே எதிரே லாரி வராது, விழுந்தா தூக்க ஆம்புலன்ஸ் நிக்கும்.

வெடி வேகமா வெடிக்கணும்னா சரம் சீக்கிரம் தீரும். இது நம்ம ஊர்க்காரனுக்குச் சொல்லியா தரணும்?